மைல்கல் காட்டிக்கொடுத்த எரிமலைகள்

பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது கிளெர்மான் ஃபெரான் நகரம். மிச்செலின் டயர் கம்பெனியின் தலைமையகம் உள்ள ஊர் என்றால் பலருக்கும் பிடிபடும். அங்கே ரயிலை விட்டு இறங்கிப் பழைய ஊருக்குள் நடந்தால், முதலில் கண்ணில் படுவது அதன் நிறம்தான். பிரான்ஸின் மற்ற பெரிய தேவாலயங்கள் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாகவோ, வெளுத்த சாம்பல் நிறத்திலோ இருக்கும். இங்கே ஊர் நடுவே மேட்டின் மீது நிற்கும் தேவாலயம், அடி முதல் இரட்டைக் கோபுரங்களின் நுனி வரை கரிக் கறுப்பு.

1248-ல் கட்டத் தொடங்கிய தேவாலயம் அது. சுற்றியுள்ள சந்துகளில் நடந்தால் பழைய வீடுகளின் நிலைப்படி, ஜன்னல் சட்டம், தண்ணீர்த் தொட்டி என எல்லாவற்றிலும் அதே கறுப்பு. பல நூற்றாண்டுப் புகை படிந்துவிட்டதோ என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. புகை இல்லை. கல்லே அந்த நிறம்தான். ஒருகாலத்தில் பூமிக்குள்ளிருந்து நெருப்பாகக் கொப்பளித்து, ஆறாக ஓடி, ஆறி இறுகிய எரிமலைக் குழம்பு அது.

ஊரின் மேற்குப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் எரிமலைகளையே பார்க்கலாம். வடக்கு தெற்காகச் சுமார் 30 கி.மீ. நீளத்துக்கு, வரிசை கட்டி நிற்கும் ஏறத்தாழ 80 குன்றுகள். சில கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி. சில உச்சியில் குழி விழுந்த புட்டு மாதிரி. எல்லாமே பச்சைப் பசேல் என்று புல்லும் காடும் மூடியவை. செம்மறி ஆடுகள் மேய்கின்றன. நடுநாயகமாக நிற்பது புயி த டோம் என்ற 1,465 மீட்டர் உயர மலை. 'புயி' என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் குன்று.

ஊரைச் சுற்றி 80 எரிமலைகள், ஊரே எரிமலைக் கல்லால் கட்டியது. ஆனாலும் 1751 வரை அவை எரிமலைகள் என்று யாரும் சொன்னதாகப் பதிவு இல்லை!

ஏறினார்கள், ஆனால் பார்க்கவில்லை

மக்கள் அந்த மலைகளுக்குப் போகாமல் இல்லை. 2-ம் நூற்றாண்டிலேயே ரோமானியர்கள் புயி த டோம் உச்சியில் மெர்குரி தெய்வத்துக்குப் பெரிய கோயில் கட்டினார்கள். அதன் இடிபாடுகள் இன்றும் அங்கே உள்ளன. மலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதையில்தான் இன்றைக்கும் நடந்து போகிறார்கள்.

பிறகு விஞ்ஞானமும் அதே மலையில் ஏறியது. வானிலை அறிக்கையில் காற்றழுத்தத்தைச் சொல்லும்போது 'ஹெக்டோபாஸ்கல்' என்று ஒரு வார்த்தை வருமே, அந்தப் பாஸ்கல் பிறந்தது கிளெர்மானில்தான். காற்றுக்கு எடை உண்டு என்றால், உயரே போகப் போக அந்த எடை குறைய வேண்டும் என்பது அவர் கணக்கு. பாரிஸில் இருந்த அவர், சோதனை செய்து பார்க்கும்படி தன் அக்காவின் கணவர் ஃப்ளோரன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார்.

1648 செப்டம்பர் 19. பெரியே பாதரசக் குழாய் ஒன்றை ஊருக்குள் வைத்து, அதைக் கண்காணிக்க ஒருவரை உட்கார வைத்துவிட்டு, இன்னொரு குழாயோடு புயி த டோம் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. கீழே இருந்த குழாயில் மாற்றமே இல்லை. உலக அறிவியல் வரலாற்றில் பெயர்பெற்ற சோதனை அது. ஆனால், தாங்கள் ஏறி நிற்பது ஓர் எரிமலை என்பது அன்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு எரிமலை என்றால் இத்தாலியின் வெசூவியஸ், எட்னா. கடலோரத்தில், புகை கக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கடலிலிருந்து வெகு தூரத்தில், புல் முளைத்து, ஆடு மேயும் மலையை யார் சந்தேகப்படுவார்கள்? இங்கே நெருப்பு கக்கியதாக ஒரு பழைய ஏட்டிலும் குறிப்பு இல்லை.

ஒரு டாக்டரும் ஒரு கறுப்புக் கல்லும்

ழான் எத்தியேன் கெத்தார் ஒரு மருத்துவர். மூலிகைகளும் கற்களும் அவருக்கு உயிர். ஓர்லியான் பிரபுவின் இயற்கைப் பொருள் சேகரிப்பைக் கவனித்துக்கொண்டது அவர்தான். எங்கே எந்தக் கல் கிடைக்கிறது என்பதை வரைபடத்தில் குறிப்பதைப் பெரிய வேலையாக எடுத்துச் செய்துகொண்டிருந்தார்.

1751-ல் அவரும் நண்பர் மால்ஷெர்பும் விஷி என்ற வெந்நீரூற்று ஊரை நோக்கிப் பயணம் போனார்கள். வழியில் மூலான் என்ற ஊர்ப் பக்கம், சாலையோர மைல்கற்கள் கெத்தாரின் கவனத்தை இழுத்தன. கறுப்பாக, சிறு சிறு துளைகளோடு இருந்தன. நெருப்பில் வெந்த கல் என்று அவருக்குப் பட்டது. அதுவரை அவர் எரிமலை எதையும் நேரில் கண்டதில்லை. படிப்பும், கற்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணும்தான் துணை.

"இந்தக் கல் எங்கிருந்து வருகிறது?" என்று விசாரித்தார். "வோல்விக்" என்றார்கள். லத்தீன் அறிந்த அவர் காதில் அது 'வல்கன் ஊர்' என்று ஒலித்தது. வல்கன், ரோமானியர்களின் நெருப்புத் தெய்வம்.

இருவரும் தெற்கே கிளம்பினார்கள். ரியோம் என்ற ஊர் முழுக்க அதே கல்லில் எழும்பியிருந்தது. அங்கிருந்து வோல்விக். கல்குவாரியில் குழம்பு ஓடி உறைந்த அடுக்குகள் வெட்டுமுகத்தில் அப்படியே தெரிந்தன. ஓடிய தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கூம்பு வடிவ மலை, உச்சியில் கிண்ணம் போன்ற பள்ளம், சுற்றிலும் எரிந்த சாம்பல் கல். பிறகு புயி த டோம் ஏறி நான்கு திசையும் பார்த்தார். ஒன்றல்ல, வரிசையாகக் கூம்புகள்!

1752 மே மாதம், பாரிஸில் அரச அறிவியல் கழகத்தின் முன்னால் கெத்தார் தன் கட்டுரையைப் படித்தார். பிரான்ஸின் சில மலைகள் ஒருகாலத்தில் எரிமலைகளாக இருந்தன என்பதே அதன் சாரம். அணைந்த எரிமலைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி விழுந்தது அங்கேதான்.

சண்டை போட்டவர்களுக்கு ஒரே பதில்

கெத்தாரின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. மலைகளைச் சரியாகக் கண்டுபிடித்தவர், பசால்ட் என்ற கறுப்புப் பாறை விஷயத்தில் சறுக்கிவிட்டார். அந்தப் பாறை பல இடங்களில், தச்சர் இழைத்து வைத்தது போல ஆறு பட்டைத் தூண்களாக நிற்கும். அது தண்ணீரில் உருவானது என்று 1770-ல் எழுதினார். அன்று பலருடைய எண்ணமும் அதுதான். ஆதிகாலக் கடலில் வண்டலாகப் படிந்தது என்றார்கள். பின்னாளில் ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர் வெர்னர் இந்தக் கட்சிக்குத் தலைவர் போல ஆனார்.

மறுப்பும் அதே ஓவேர்ன் மலைப்பகுதியிலிருந்துதான் வந்தது. நிக்கோலா தேமாரே என்பவர் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசு அதிகாரி. வேலை நிமித்தம் ஊர் ஊராக அலைபவர். கையில் கொஞ்சம் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடுவார் என்று சொல்வார்கள். 1763-ல் கிளெர்மானிலிருந்து புயி த டோம் ஏறும் வழியில், ஒரு மேட்டின் ஓரத்தில் பட்டைத் தூண்கள் உருண்டு கிடந்ததைக் கண்டார். மேலே ஏறிப் பார்த்தால் அவை நிற்பது உறைந்த குழம்பின் விளிம்பில். குழம்பைத் தொடர்ந்து போனால் எரிமலையில் போய் முடிந்தது. தூண், குழம்பு, மலை மூன்றும் ஒரே சங்கிலி!

ஏரி வற்றினால் அடியில் இருக்கும் களிமண் பாளம் பாளமாக வெடிக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். கொதிக்கும் குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது பட்டை பட்டையாக வெடிக்கிறது. வெடிப்பு மேலிருந்து உள்ளே இறங்க இறங்கத் தூண்களாகிறது.

பாசுமோ என்ற நில அளவையாளரை வைத்து, குழம்பு ஓடிய ஒவ்வொரு தடத்தையும் வரைபடமாக்கினார் தேமாரே. 1774-ல் அது அச்சில் வந்தது. வாதத்துக்கு வந்தவர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டாராம். நேரில் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம்.

போய்ப் பார்த்தவர்களும் இருந்தார்கள். வெர்னரின் பெயர்பெற்ற மாணவர் லியோபோல்டு ஃபான் புக் 1802-ல் ஓவேர்னுக்கு வந்தார். இங்கே நடந்தது நெருப்பின் வேலை என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. ஆனாலும், ஜெர்மனிப் பாறைகள் வேறு என்று கொஞ்ச காலம் மனதைத் தேற்றிக்கொண்டார். குருவின் வார்த்தையை ஒரே நாளில் விட முடியுமா?

பள்ளம் மேடான கதை

1821-ல் ஜார்ஜ் ஸ்க்ரோப் என்ற 24 வயது ஆங்கிலேயர் வந்தார். வெசூவியஸையும் எட்னாவையும் பார்த்துவிட்டு வந்தவர். மாதக்கணக்கில் சுற்றி, நீள நீளமாக மலைக்காட்சிகளை வரைந்து, 1827-ல் புத்தகமாகப் போட்டார். எரிமலைகளை வைத்துப் பூமியின் வயதைப் பற்றி அவர் பேசியதுதான் முக்கியம்.

கிளெர்மானுக்குத் தெற்கே ஜெர்கோவி என்ற மேடு இருக்கிறது. கி.மு. 52-ல் கால் இனத் தலைவன் வெர்சின்ஜெட்டோரிக்ஸ், ஜூலியஸ் சீசரின் படையைத் தோற்கடித்த இடம் என்று பிரெஞ்சுக் குழந்தைகள் பாடத்தில் படிப்பது. அதன் தலை மேசை மாதிரி தட்டை. மேலே மூடியிருப்பது எரிமலைக் குழம்பு.

குழம்பு எப்போதும் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அப்படியென்றால் மேட்டின் உச்சிக்கு எப்படிப் போனது? போகவில்லை. அது ஓடியபோது அந்த இடம்தான் பள்ளம். குழம்பு இறுகிக் கெட்டிப் பாறையானது. இருபுறமும் இருந்த மெத்தென்ற மண்ணை மழையும் ஆறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோய்விட்டன. பாறை மட்டும் கரையாமல் நின்றது. பழைய பள்ளம் இன்றைக்கு மேடு!

இன்னொரு பக்கம், புதிய எரிமலைகளின் குழம்பு இன்றைய பள்ளத்தாக்குகளிலேயே கிடக்கிறது. அவற்றையும் ஆறுகள் அறுக்கத் தொடங்கியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, பாதி உயரத்தில் நிற்கும் குழம்புகளும் உண்டு. இதை மூன்று காலகட்டங்களாகத் தேமாரே முன்பே பிரித்திருந்தார். ஸ்க்ரோப் அடுத்த அடியை எடுத்து வைத்தார். ஒரே பெரு வெள்ளம் வந்து பள்ளத்தாக்குகளைத் தோண்டியிருந்தால், இந்தப் படிக்கட்டு உண்டாகியிருக்காது. சாதாரண ஆறு, சாதாரண மழை. ஆனால், எண்ணிப் பார்க்க முடியாத அளவு நீண்ட காலம்.

அந்தப் புத்தகம் சார்லஸ் லயலை இழுத்தது. அவர் 1828-ல் ஓவேர்னுக்கு வந்து தன் கண்ணால் பார்த்தார். 1830-ல் லயலின் 'நிலவியல் கோட்பாடுகள்' முதல் பாகம் வெளியானது. அடுத்த வருடம் பீகிள் கப்பலில் ஏறிய சார்லஸ் டார்வின் என்ற இளைஞரின் மூட்டையில் அது இருந்தது. உயிரினங்கள் மெல்ல மாறுவதற்குப் போதுமான காலம் பூமிக்கு இருந்திருக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் விழ, அந்தப் புத்தகம் பெரிய காரணம்.

கஞ்சி, களி, எண்ணெய்ச் சட்டி

80 மலைகள் ஏன் ஒரே மாதிரி இல்லை? அடுப்பங்கரையில் நிற்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

உள்ளேயிருந்து வரும் குழம்பு கஞ்சி போல இளக்கமாக இருந்தால், கொப்பளித்துத் தெறிக்கும். தெறித்த துளிகள் வாயைச் சுற்றிக் குவிந்து, நடுவில் குழியுள்ள கூம்பாகும். 1,209 மீட்டர் உயரமுள்ள பாரியூ மலையின் அழகான வட்டக் கிண்ணம் அப்படி வந்தது. களி போலக் கெட்டியாக இருந்தால் ஓடாது. பிதுங்கி, அங்கேயே குவிந்து நிற்கும். புயி த டோம் அந்த வகை. அதன் வெளிறிய பாறைக்கு மலையின் பெயரையே வைத்து 'டோமைட்' என்கிறார்கள்.

மூன்றாவது வகை, சூடான எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டால் நடப்பது. ஏறி வரும் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். மலை உண்டாகாது, பெரிய பள்ளம்தான் உண்டாகும். கிளெர்மான் நகரின் அடியிலேயே அப்படியொரு பழைய பள்ளம் இருக்கிறது. கறுப்புத் தேவாலயம் நிற்கும் மேடு, அந்த வெடிப்பில் தெறித்த பொருள் குவிந்த விளிம்பின் மிச்சம்.

எரிமலையின் வயிற்றுக்குள்ளே நடந்து பார்க்கவும் இங்கே வழி உண்டு. லெம்ப்தெழி என்ற எரிமலையைச் செந்நிறச் சரளைக் கல்லுக்காகப் பல வருடங்கள் வெட்டினார்கள். இப்போது அது சுற்றுலா இடம். கேக்கை வெட்டினால் அடுக்கு தெரிவது போல, சிவப்பும் கறுப்புமாக அடுக்குகள், குழம்பு ஏறி வந்த குழாய் எல்லாம் கண்முன்னே தெரிகின்றன. தெற்கே லா வாஷ், லாசோலா என்ற இரண்டு எரிமலைகள் ஒரு பக்கம் உடைந்து, குழம்பு ஆற்றை மறித்தது. அங்கே தேங்கியதுதான் ஏடா ஏரி. இன்று வெயில் காலத்தில் குழந்தைகள் குளிக்கும் இடம்.

வோல்விக் என்ற பெயரைச் சிலர் தண்ணீர் பாட்டிலில் பார்த்திருக்கலாம். துளைகள் நிறைந்த இந்தக் குழம்புப் படுகைகளுக்குள் மழைநீர் இறங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வடிந்து, அடியில் புதைந்த பழைய பள்ளத்தாக்கில் சேர்கிறது. கெத்தார் கல்லைத் தேடிப் போன அதே ஊரின் தண்ணீர்தான்.

அணைந்ததா, உறங்குகிறதா?

கெத்தாருக்கும் ஸ்க்ரோப்புக்கும் தெரியாத ஒன்று இன்று தெரியும். அதுதான் வயது. குழம்பின் அடியில் சிக்கிக் கரியான மரத்துண்டையும், குழம்பின் சூட்டில் வெந்த மணல் துகளையும் சோதித்துக் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்த வரிசையில் எரிமலைகள் வெடிக்கத் தொடங்கியது ஏறத்தாழ 95,000 ஆண்டுகளுக்கு முன். புயி த டோம் பிதுங்கியது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன். கடைசியாக வெடித்தது சுமார் 8,400 ஆண்டுகளுக்கு முன். இன்னும் தெற்கே உள்ள பாவின் ஏரிப் பள்ளம் அதைவிடவும் இளையது, சுமார் 7,000 ஆண்டு. நிலவியல் கணக்கில் இதெல்லாம் நேற்று நடந்த விஷயம்.

80 எரிமலைகளைக் காலத்தால் வகுத்தால், சராசரியாக ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு ஒன்று. ஆனால், இவை முறை வைத்து வரவில்லை. கொத்தாக வெடித்து, நெடுங்காலம் அடங்கி, மறுபடி வெடித்திருக்கின்றன. அதனால் 8,400 ஆண்டு அமைதியை வைத்து, "முடிந்தது" என்றும் சொல்ல முடியாது, "வரப்போகிறது" என்றும் சொல்ல முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெசூவியஸ் போல ஒரே மலை திரும்பத் திரும்ப வெடிக்கும் இடம் அல்ல இது. பெரும்பாலான குன்றுகள் ஒரே முறை வெடித்து, அத்தோடு ஓய்ந்துவிட்டன. அடுத்த முறை குழம்பு ஏறினால், பக்கத்தில் புதிதாக ஒரு வாய் திறக்கும். ஆகவே, பாரியூ அணைந்துவிட்டது என்று சொல்லலாம். பாரியூ நிற்கும் நிலத்தைப் பற்றி அப்படிச் சொல்லத்தான் விஞ்ஞானிகள் தயங்குகிறார்கள். கிளெர்மானைச் சுற்றி ஏறத்தாழ 3 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

பூமியும் முழுக்க வாய் மூடிவிடவில்லை. ருவாயா என்ற பக்கத்து ஊரில் வெந்நீரூற்றுகள் உள்ளன. அதன் அருகே 'நாய்க் குகை' என்று ஒன்று இருக்கிறது. நிலத்துக்கு அடியிலிருந்து கசியும் கரியமில வாயு, காற்றைவிடக் கனமானதால் குகையின் தரையோடு தங்கிவிடும். நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. கீழே குனிந்து மெழுகுவத்தியைக் கொண்டுபோனால் அணைந்துவிடும். உயரம் குறைந்த நாய் மயங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர்.

இப்போதைக்குப் பயப்பட எந்த அறிகுறியும் இல்லை. குழம்பு ஏறத் தொடங்கினால் முதலில் சிறு சிறு நிலநடுக்கங்கள் வரும் என்பதால், கிளெர்மானில் உள்ள புவி இயற்பியல் ஆய்வகம் நில அதிர்வுகளை விடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. அதே ஆய்வகம்தான் 1876 முதல் புயி த டோம் உச்சியில் வானிலையையும் கவனித்து வருகிறது. உச்சியில் அதற்காகக் கட்டடம் எழுப்பத் தோண்டியபோதுதான் ரோமானியர் கோயில் வெளிப்பட்டது.

எரிமலை வரிசையும், அதை ஒட்டிப் பூமி விரிந்து பிளந்த லிமாஞ் பிளவும் சேர்ந்து 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. முதல் முயற்சி 2014-ல். நான்கு வருடம் விடாமல் முயன்றுதான் கிடைத்தது.

போக விரும்புகிறவர்களுக்கு

* பாரிஸின் பெர்சி ரயில் நிலையத்திலிருந்து கிளெர்மான் ஃபெரானுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து புயி த டோம் சுமார் 10 கி.மீ.

* 2012 முதல் மலை உச்சிக்குப் பல்சக்கர ரயில் ஓடுகிறது. 15 நிமிடப் பயணம். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிகளும் உச்சியைப் பார்த்துவிடலாம்.

* நடக்க முடிந்தவர்களுக்கு ரோமானியர் காலத்துப் பாதை இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். செங்குத்து என்பதால் நல்ல ஷூ அவசியம்.

* மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். கோடையிலும் உச்சியில் காற்று பலமாக அடிக்கும். ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

* பாரியூ ஏறும்போது மரப்படிகளை விட்டு விலகக் கூடாது. புல்லுக்கு அடியில் இருப்பது உதிரிச் சரளை. ஆயிரக்கணக்கான கால்கள் பட்டால் சரிந்துவிடும்.

* குழந்தைகளோடு போனால், 2002-ல் திறந்த வல்கானியா என்ற எரிமலைப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம்.

* தெளிவான நாளில் உச்சிக்குப் போய் வடக்கேயும் தெற்கேயும் பாருங்கள். ஒரே பார்வையில் டஜன் கணக்கில் எரிமலை வாய்கள் தெரியும். திரும்பும் வழியில் கிளெர்மானின் பழைய தெருக்களில் கறுப்புச் சுவர் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். கெத்தார் கவனித்த அதே சின்னச் சின்னத் துளைகள் அதில் இருக்கும். கொதித்த குழம்பிலிருந்து காற்று வெளியேறிய வழி அது.